துயரைத் தொண்டாக்கிய அன்னை

இறந்தவரை எண்ணி அழுவது உலகத்தியற்கை. அழுது ஓய்ந்தபின் அவரவர் வேலையைப் பார்க்கச் செல்வதும் இயற்கையே. ஆனால் இப்படியொரு சாவு இனி வேறொரு வீட்டில் நேரக்கூடாது என்று உறுதி பூண்டு, அந்த உறுதியைப் பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு நெஞ்சிற் சுமந்து, முடிவில் அதனைச் செயலாக்கிக் காட்டுவோர் ஆயிரத்தில் ஒருவரே. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையைத்தான் நம் மன்றத்து இதழின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

ஷாஜகான் மறைந்த மனைவிக்குப் பளிங்கினால் மாளிகை எழுப்பினான். அதன் அழகை உலகம் போற்றுகின்றது. அழகுக்காக அன்றி அருளுக்காக எழுந்த மாளிகைகளும் உலகில் உண்டு. இலண்டன் மாநகரில் வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் 1846இல் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ஐந்தாண்டு கழித்து, 1851இல், அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. பம்பாயில் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டே தோராப்ஜியும் மறைந்தார். ஆயினும் அவர் நிறுவிச் சென்ற அறக்கட்டளை 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. சென்னை அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவ நிலையமும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. அது ஒரு தங்கையின் சாவிலிருந்து பிறந்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். டாட்டா குடும்பத்தாரிடம் செல்வம் இருந்தது. முத்துலட்சுமியாரிடம் அது இல்லை. அவரிடம் இருந்தவை படிப்பும் பிடிவாதமும் மட்டுமே. செல்வம் இல்லாதவர் ஒரு பெருஞ்செயலை எப்படிச் செய்து முடிக்கின்றார் என்பதை அறிவதுதான் மாணவர்களாகிய நமக்குப் பயன் தருவது.

திரைக்குப் பின்னே ஒரு மாணவி

புதுக்கோட்டைச் சீமையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராசா கல்லூரியில் பெரும் பொறுப்பில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். இரு வேறு குலத்தாரின் மகளாகப் பிறந்த காரணத்தால், ஊரார் பார்வை எப்படிப்பட்டது என்பதைச் சிறு வயதிலேயே அவர் உணர்ந்திருந்தார். எவரும் தீண்டத் தயங்குகின்ற துயரங்களைத் தாமே சென்று தீண்டுகின்ற துணிவு அவருக்கு வந்தது இதனால்தானோ என்று நான் எண்ணுவதுண்டு.

பெண்பிள்ளை பருவமெய்தியதும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே தந்தையாரிடம் பயின்று மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார். பின்னர் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் இடம் கேட்டார். பலர் எதிர்த்தனர். பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1904இல் அனுமதி அளித்தார். வகுப்பறையில் மாணவர்க்கும் இவருக்கும் நடுவே திரை கட்டினார்களாம். திரைக்கு அப்பால் இருந்தவர்களின் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியா. திரைக்குப் பின்னே இருந்தவர் பெயரை நாடறியும்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டமும் பரிசுகளும் பெற்று வெளிவந்தார். எழும்பூரில் இருந்த பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் முதற்பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். அந்த மணத்திலும் ஒரு புதுமை உண்டு. தம்மைச் சரிநிகராக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை அவர் முன்வைத்தார். சுந்தர ரெட்டியார் அவற்றை ஏற்றார். ஏற்றபடியே இறுதிவரை நடந்தும் காட்டினார். அறுபது ஆண்டு கழிந்து பாடல்களிலும் மேடைகளிலும் நாம் பேசிய பெண்ணுரிமையை அவ்விருவரும் 1914இலேயே தம் இல்லத்தில் நடைமுறையாக்கிவிட்டனர்.

தங்கையின் சாவு

முத்துலட்சுமியாருக்கு வாய்த்த பெருந்துயர் 1923இல் நேர்ந்தது. தம் தங்கையைப் புற்றுநோய் பற்றியது. மலக்குடலில் தோன்றிய புற்று அது. அக்காள் மருத்துவர், அத்தான் மருத்துவர், சென்னை நகரத்துப் பெரிய மருத்துவர்களோ அவர்தம் ஆசிரியர்களும் நண்பர்களும் ஆவர். ஆயினும் அவரால் செய்ய முடிந்தது சிறிதே. தங்கை வலியால் துடித்ததையும் நாளுக்கு நாள் தேய்ந்ததையும் அருகிருந்து பார்த்தார். முடிவில் இழந்தார்.

மருத்துவம் அறியாதவர் ஒருவரின் சாவைக் கண்டால் விதி என்று சொல்லி ஆறுதல் அடையலாம். மருத்துவம் அறிந்தவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. தம் கல்வி முடிகின்ற எல்லையைத் தம் வீட்டுக் கட்டிலிலேயே அவர் கண்டார். அவர் தேர்ந்துகொண்ட வழி அந்த எல்லையைத் தள்ளி வைப்பது.

1925இல் அரசின் உதவியுடன் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிய பயிற்சியே அப்பயணத்தின் நோக்கம். ஆயினும் அங்கே புற்றுநோய் மருத்துவத்தையும் அவர் கண்டறிந்தார். மார்ஸ்டன் தம் மனைவியை இழந்து எழுப்பிய மருத்துவமனை அதே இலண்டனில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்தது. அறுவை மருத்துவமும், ரேடியமும், எக்ஸ் கதிர்களும் சேர்ந்து இந்த நோயை எதிர்த்து நிற்பதை மேலை நாட்டில் கண்டவர்க்கு, இந்தியாவில் இது ஏன் இயலாது என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

சட்ட மன்றமும் ஔவை இல்லமும்

இங்கிலாந்திலிருந்து திரும்பியவரைப் பொது வாழ்வு இழுத்துக்கொண்டது. 1926இல் இந்திய மாதர் சங்கத்தார் அவர் பெயரை முன்மொழிய, சென்னைச் சட்ட மன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற்பெண் அவரே. 1927இல் அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது தனி அரசாக இருந்த நம் திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922இலேயே சட்ட மன்றத்திற்கு நியமிக்கப்பட்டிருந்தார். அவரும் மருத்துவரே, திருவனந்தபுரத்தில் எக்ஸ் கதிர், ரேடிய நிலையம் தோன்றக் காரணமானவரும் அவரே. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் முதற்பெண்களாகச் சட்ட மன்றம் ஏறிய இருவரும் மருத்துவர்களாக இருந்தது நினைக்க இனிமையானது.

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமியார் நடத்திய போராட்டம் தனி நூலாக எழுதத் தக்கது. 1927இல் தீர்மானம், 1929இல் சட்டத் திருத்தம், 1947இல் முழுச் சட்டம் என இருபதாண்டு நீண்டது அது. குழந்தை மணத்தை எதிர்த்தும் அவர் வாதாடினார். 1930இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைப்பட்டபோது சட்ட மன்றப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், எங்கும் இடம் கிடைக்காமல் தம் வாயிலை நாடி வந்த தேவதாசிக் குலத்துச் சிறுமியரை ஏற்று ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்று அடையாற்றில் பெரிய நிறுவனமாக விளங்குகின்றது.

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நிகழ்ந்தது. அவ்விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். தங்கை இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவமனை திறக்க இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன.

சாகப் போகிறவர்க்கு எதற்கு மருத்துவமனை?

அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் எதிர்த்துப் போராடியது பணமின்மையை மட்டும் அன்று. அதைவிடப் பெரிய பகை ஒன்று இருந்தது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகின்றார். அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை, எதற்கு வீண் செலவு என்ற எண்ணமே அது. பாமரர் மட்டும் இப்படி எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆட்சிப் பொறுப்பில் இருந்தவரும், மருத்துவர்களுள் சிலரும்கூட அப்படியே எண்ணினர். உதவி கேட்டுச் சென்றபோது, இந்நோயால் மக்கள் சாகத்தானே செய்கின்றனர் என்ற பொருள்படும் விடையே அமைச்சரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பின்னாளில் டாக்டர் சாந்தா பலமுறை எடுத்துக் கூறியிருக்கின்றார்.

இந்த எண்ணத்தின் கொடுமையைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். நோய் தீராது என்று நம்புவதால் மருத்துவமனை கட்டுவதில்லை. மருத்துவமனை இல்லாததால் நோயாளி காலத்தில் வருவதில்லை. காலங்கடந்து வருவதால் நோய் தீர்வதில்லை. நோய் தீராததைக் கண்டு, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே என்று மீண்டும் நம்புகின்றனர். இந்தச் சுழலை ஏதேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். முத்துலட்சுமியார் அறுக்கத் துணிந்தார்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் உதவி நிதி தொடங்கப்பட்டது. சங்கத்துப் பெண்கள் கைநீட்டிப் பணம் திரட்டினர். சட்ட மன்றத் துணைத் தலைவராய் வீற்றிருந்தவர் முதுமையில் உண்டியல் ஏந்தத் தயங்கவில்லை. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி சிற்றி இறந்தபோது சிறு குழந்தை. அவர் வளர்ந்து மருத்துவரானார். அமெரிக்கா சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். செல்வம் கொழிக்கும் தொழிலாக அதனைக் கொள்ளாமல், தாயின் கனவுக்குத் துணையாகத் திரும்பி வந்தார். தாய் உரைத்ததை மகன் செய்தார் என்பதைவிட, ஒரு குடும்பத்தின் துயரம் அடுத்த தலைமுறையின் தொழிலாயிற்று என்பதே பொருந்தும்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. எவ்வளவு பெரிய மருத்துவமனை என்று கேட்கின்றீர்களா? பன்னிரண்டு படுக்கைகள்! அவ்வளவே. தங்கை இறந்தபோது முத்துலட்சுமியாருக்கு வயது முப்பத்தாறு முப்பத்தேழு. அந்தப் பன்னிரண்டு படுக்கைகளைக் காணும்போது வயது அறுபத்தேழு.

அடுத்த ஆண்டே டாக்டர் சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். அரசுப் பணிக்குத் தேர்வு பெற்றிருந்த இளம் மருத்துவர் அவர். அதைத் துறந்து, சிறு கட்டடமும் சில படுக்கைகளும் கொண்ட ஓரிடத்தைத் தேர்ந்தார். 2021ஆம் ஆண்டு சனவரியில் மறையும் வரை அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவ்வளாகத்தையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். 1950களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கு வந்தது. 1981இல் சென்னை நகரின் புற்றுநோயாளரைக் கணக்கிடும் பதிவேடு அங்குத் தொடங்கப்பட்டது. ஏழையென்று எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கை முதல் நாளிலிருந்தே வேரூன்றியது.

1956இல் முத்துலட்சுமியாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். கிருஷ்ணமூர்த்தி 2010இல் மறைந்தார். ஏழைக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் முத்துலட்சுமியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நம் எல்லைப்புறத்து நோய்

சென்னை அம்மையாரின் கதையைப் பாறசாலையில் பிறந்த நான் ஏன் எழுதுகின்றேன் என்று சிலர் வினவலாம். விடை சொல்லுகின்றேன்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியாகத் தெற்கே சென்றால் நெய்யூர் வரும். இன்று அது குமரி மாவட்டத்து ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பு எல்லாம் ஒரே திருவிதாங்கூர். நெய்யூரின் கிறித்தவ மருத்துவமனைக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து முன்னோர்களும் சென்றிருக்கின்றனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். டாக்டர் ஆர் என்பவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோர்க்கு வாயில் புற்று உண்டாவதைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற சாமர்வெல், மலைப் புகழை விட்டுவிட்டு இந்த நெய்யூரில்தான் பல்லாண்டு கத்தி பிடித்தார்.

இவற்றையெல்லாம் நான் முதன்முதல் படித்தபோது திடுக்கிட்டேன். உலக மருத்துவ நூல்கள் வாய்ப்புற்றைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடங்களுள் சில, எங்கள் பாட்டன் பாட்டியரின் கன்னங்களிலிருந்து கற்றவை! வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்தது எங்கள் ஊர்த் திண்ணைகளின் அன்றாட விருந்து. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் தீர்ப்புரைத்தது. பாக்கு மட்டுமே தனித்தும் அக்கேட்டைச் செய்யும் என்று 2004இல் வெளியிட்டது. நெய்யூர் மருத்துவர் சொல்லி அரை நூற்றாண்டு கழிந்து வந்த தீர்ப்பு அது.

இன்று நமக்கு மருத்துவமனை இல்லை என்று சொல்வதற்கில்லை. திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981 முதல் நடக்கின்றது. பாறசாலையில் புகைவண்டி ஏறினால் அரைநாள்கூட வேண்டாம். அம்மையத்து அறிஞர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்து ஊராட்சிகளில் நடத்திய ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 1996இல் தொடங்கிய அந்த ஆய்வில் பதின்மூன்று ஊராட்சிகளைச் சேர்ந்த, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் இடம்பெற்றனர். சில ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற ஊழியர் வீடுவீடாகச் சென்று, வாயைத் திறக்கச் செய்து, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தனர். ஏனைய ஊராட்சிகளில் அவ்வாறு பார்க்கவில்லை. 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. விலையுயர்ந்த மருந்தும் இல்லை. காலத்தில் ஒருவர் வந்து பார்த்தார் என்பதே அங்கு மருந்தாயிற்று.

அப்படியிருந்தும் நம் ஊர்களில் ஏன் இன்னும் காலங்கடந்தே செல்கின்றனர்? முத்துலட்சுமியார் எதிர்த்து நின்ற அந்தப் பழைய பகை இன்னும் சாகவில்லை என்பதே காரணம்.

எங்கள் வீடுகளில் இரண்டு மொழிகள் உண்டு. தமிழில் புற்று என்போம். மலையாளத்தில் அர்புதம் என்பார்கள். ஆனால் நோய் வந்த வீட்டில் இரண்டு சொற்களும் மறைந்துவிடும். அந்த நோவு என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பெயர் சொன்னாலே வந்துவிடும் என்ற அச்சம். பெயர் வெளியானால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற கவலை. என் சித்தி, அம்மையின் ஒரே தங்கை, மார்பில் தோன்றிய கட்டியைப் பதினோரு மாதம் எவருக்கும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, ஆதலால் ஒன்றுமிராது என்று எண்ணினார். மூத்த மகளுக்கு அப்போது மணம் பேசிக்கொண்டிருந்தனர். மணம் முடிந்த பின்னர்ச் சொல்லலாம் என்று இருந்தார். மணம் முடிந்தது. சொன்னார். அதற்குள் நோய் எலும்புக்குச் சென்றுவிட்டது. எங்கள் ஊருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டு மைல் தொலைவுகூட இல்லை. ஆயினும் அந்தப் பதினோரு மாதமும் அம்மைக்குத் தெரியாது.

சித்தி மறைந்தபின் அம்மை நெடுநாள் பேச்சற்று இருந்தார். பின்னர் ஒரு நாள் எங்கள் வார்டின் வலி தணிப்புத் தொண்டர்களுடன் சேர்ந்துகொண்டார். கேரளத்தில் இத்தொண்டு 1993இல் கோழிக்கோட்டில் வேர்விட்டது. 2008இல் அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. ஊராட்சிதோறும் செவிலியர் ஒருவர் தொண்டர்களுடன் நோயாளரின் வீட்டுக்கே செல்லும் ஏற்பாடு அதன் பயன். விடுமுறை நாட்களில் நானும் அம்மையுடன் செல்கின்றேன். நான் செய்வது மருத்துவம் அன்று. தமிழ் மட்டுமே எழுத்துக்கூட்டத் தெரிந்த பாட்டிமார்க்கு மலையாளத்தில் அச்சிட்ட மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வேன். எந்த மாத்திரை எந்த வேளை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். மையத்துக்குப் போகும் நாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். எல்லைப்புறத்தில் பிறந்ததனால் இரண்டு எழுத்துகளும் அறிந்தேன். அந்த அறிவுக்கு இதைவிட நல்ல பயன் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இத்தொண்டில் நான் கண்டது ஒன்று. நோயைவிட நோயின் பெயரைக் கண்டே மக்கள் மிகவும் அஞ்சுகின்றனர். அம்மை எவர் வீட்டுக்குச் சென்றாலும் முதலில் தம் தங்கையின் கதையைச் சொல்வார். புற்று என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்வார். அதைக் கேட்டபின், அடுப்பங்கரையிலிருந்து யாரேனும் ஒரு பெண் மெல்ல வெளியே வந்து, தனக்கும் ஒரு கட்டி இருக்கின்றது, பார்க்க வேண்டுமா என்று அம்மையைக் கேட்டதை நான் இரண்டு முறை கண்டிருக்கின்றேன். ஒருவருக்கு அது வெறும் கொழுப்புக் கட்டி. மற்றவருக்கு நோய்தான், ஆனால் காலத்தில் சென்றார். மருத்துவம் முடிந்து இப்போது பழையபடி சந்தைக்குப் போய் வருகின்றார்.

நாம் செய்யக் கூடியது

நண்பர்களே! முத்துலட்சுமியாரைப் போல மருத்துவமனை எழுப்ப நம்மால் இயலாமற் போகலாம். அது தேவையும் அன்று. எழுப்ப வேண்டியவை பல எழுந்துவிட்டன. ஆனால் அவர் தொடங்கிய வேலையின் மற்றொரு பாதி மீந்து நிற்கின்றது. சாகப் போகிறவர்க்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணத்தை அமைச்சர்களின் அறைகளிலிருந்து அவர் விரட்டிவிட்டார். நம் வீட்டுத் திண்ணைகளிலிருந்து அதை விரட்டுவது நம் பொறுப்பு.

அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படை, மார்பில் புதிதாகத் தோன்றும் கட்டி, மாதவிடாய் நின்றபின் காணும் உதிரப்போக்கு, காரணமின்றி நெடுநாள் மாறிய மலப்போக்கு, மலத்தில் குருதி, இவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லும்படி வீட்டாரிடம் சொல்ல நமக்கு நாவிருந்தால் போதும். இவையெல்லாம் புற்றாகவே இருக்கும் என்பதில்லை. பெரும்பாலும் வேறு சிறு காரணங்களே இருக்கும். ஆனால் பார்த்துத் தெளிவதற்கும் பாராமல் இருந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிர். வெற்றிலைச் செல்லத்தை ஒரே நாளில் பாட்டியிடமிருந்து பறிக்க முடியாது. அதிலுள்ள புகையிலையைக் கைவிடச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை அவரை வெளிச்சத்தில் அமர்த்தி வாயைத் திறந்து காட்டச் சொல்லலாம். பேரப்பிள்ளை கேட்டால் பாட்டி மறுக்கமாட்டார்.

நம் மன்றத்தில் சொற்பொழிவுகளுக்கும் கவியரங்குகளுக்கும் குறைவில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கங்களிலிருந்து இங்கு வந்து பயில்வோரும் நம்மிடையே உள்ளனர். ஆண்டுதோறும் சூலை 30ஆம் நாள், அதாவது முத்துலட்சுமியார் பிறந்த நாளன்று, நம்மில் பத்துப் பேரேனும் எல்லைப்புறத்து ஊர் ஒன்றுக்குச் சென்று, தமிழிலும் மலையாளத்திலும் இச்செய்தியை வீடுவீடாகச் சொல்லி வருவோமாக. விழா மேடையும் மாலையும் வேண்டா. இரண்டு மொழி அறிந்த பத்து நாக்குகள் போதும்.

முப்பத்தொரு ஆண்டு காத்திருந்து அவர் பெற்றவை பன்னிரண்டு படுக்கைகள். சிறிது என்று அவர் சோர்ந்துவிடவில்லை. நம்மால் ஆவது இன்னும் சிறிதாகவே இருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு பெண், பதினோரு மாதம் மறைக்க வேண்டியதைப் பதினோரு நாளில் சொல்லிவிட்டால், அம்மையாரின் பணியில் நமக்கும் பங்குண்டு என்று துணிந்து சொல்லலாம்.